உருளைக்கிழங்கு மசி

தட்டு காலியாகத் திரும்பி வந்ததுதான் எல்லாத் தொல்லைக்கும் ஆரம்பம்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில், வார்டுகளிலிருந்து திரும்பி வரும் தட்டுகளை எடை போடுவதற்கென்றே ஒருவர் இருந்தார். சமையல்கட்டின் பின்வாசலில் அவருக்கு ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு தடித்த பதிவேடு. நோயாளிகள் எவ்வளவு மிச்சம் வைத்தார்கள் என்று கிராம் சுத்தமாக எழுதுவது அவர் வேலை. எல்லோரும் அவரை மிச்சக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தார். பத்துத் தட்டு போனால் நாலு தட்டுச் சாப்பாடு திரும்பி வர வேண்டும் என்பது அங்கே விதி. யாரும் போட்ட விதி இல்லை. முப்பது வருடமாக அப்படித்தான் திரும்பி வந்துகொண்டிருந்தது, கடைசியில் யாரோ அதை விதி என்று எழுதிவிட்டார்கள்.

அன்றைக்கு இதயப் பிரிவிலிருந்து வந்த நாற்பது தட்டுகளைத் தராசில் வைத்ததும் மிச்சக்காரருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. முள் வெறும் தட்டின் எடையைத் தாண்டி அசையவில்லை. தராசைத் தட்டிப் பார்த்தார். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துப் பார்த்தார். அதன் எடையைத் தராசு ஒழுங்காகவே சொன்னது.

"மாஸ்டர்! கொஞ்சம் இங்க வாங்க. என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

சமையல் மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். "ஏங்க, யாராவது வாந்தி எடுத்துட்டாங்களா?"

"வாந்தின்னா நான் ஏன் கூப்பிடறேன்? அதுக்குத் தனியா பத்தி இருக்கு. எல்லாரும் சாப்பிட்டிருக்காங்க! இதை எங்க கொண்டுபோய் எழுதறது?"

"சைபர்னு எழுதுங்களேன்."

"சைபர்னு எழுதினா தட்டே போகலைன்னு அர்த்தம். தட்டு போகலைன்னா உருளைக்கிழங்கு எங்க போச்சுன்னு கேப்பாங்க. நான் பிள்ளைகுட்டிக்காரன் மாஸ்டர், என்னை விட்டுடுங்க."

மாஸ்டர் ஒன்றும் பெரிய குற்றம் செய்துவிடவில்லை. உருளைக்கிழங்கை மசித்திருந்தார்.

மற்ற வார்டுகளுக்கு எல்லா நாளும் மசித்த உருளைக்கிழங்குதான். வெண்ணெயும் கிரீமும் கொட்டி மசித்தது. இதயப் பிரிவுக்கு அது ஆகாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அது நியாயம். அதற்குப் பதிலாக உணவியல் அதிகாரி கண்டுபிடித்துத் தந்ததுதான் 'துண்டு'. தோல் சீவி, துண்டு போட்டு, உப்பைக் கண்ணில் காட்டாமல் தண்ணீரில் போட்டு எடுத்த உருளைக்கிழங்கு. வெளியே கரைந்து, உள்ளே நறுக்கென்று இருக்கும். அதைத் துணை உணவு என்று தட்டின் ஓரத்தில் வைப்பார்கள். அதைப் பார்த்த நோயாளிகளுக்கு நடுவில் இருக்கிற மீனும் இறங்காமல் போகும். அதோடு அங்கே இன்னொரு விதியும் இருந்தது. துணை உணவைத் தொடாமல் திருப்பி அனுப்பினால், மற்றதை நக்கித் தின்றிருந்தாலும் அந்த வேளை சாப்பிடாத வேளை என்றுதான் பதிவாகும்.

இதெல்லாம் மாஸ்டருக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். ஆனால் இப்போதுதான் இதயப் பிரிவில் பதினாலாம் நம்பர் கட்டிலில் அவருடைய அக்கா வீட்டுக்காரர் வந்து படுத்திருந்தார். மாமாவுக்கு வால்வு கெட்டுப்போயிருந்தது. இந்த மாதக் கடைசி வியாழக்கிழமை ஆபரேஷன். ஆள் இருந்த எடை நாற்பத்தெட்டு கிலோ.

"அம்பது கிலோ இல்லாம நான் கத்தியை எடுக்க மாட்டேன்" என்று அறுவை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இந்தத் தேதி போனா அடுத்த தேதி நாலு மாசம் கழிச்சுதான். அதுவரைக்கும் இந்த வால்வு தாங்கும்னு நான் சொல்லமாட்டேன்."

தேதிக்கு இருபத்து நாலு நாள் இருந்தது. மாமா துண்டை ஒரு முறை கடித்துப் பார்த்தார். பிறகு தட்டு வந்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாஸ்டருக்கு அதன்பிறகு இருப்பு கொள்ளவில்லை. சமையல்கட்டில் நின்றால் வார்டுக்கு ஓடத் தோன்றியது. வார்டுக்குப் போனால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சமையல்கட்டுக்கு ஓடத் தோன்றியது. அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான், குப்பைக்கூடைக்குப் போக இருந்த கேரட் தலைகளையும் வெங்காயத் தாள்களையும் கையில் எடுத்தார். நாலு பல் பூண்டு, பத்து மிளகு சேர்த்து, சின்னத் தீயில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினார். பொன்னிறத்தில் ஒரு சாறு இறங்கியது. உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, கை சுடச்சுட உரித்து, வெறும் பாத்திரத்தில் இரண்டு நிமிஷம் புரட்டி ஈரத்தைப் போக்கினார். பிறகு மத்தை எடுத்து மசித்தார். சாற்றைக் கொதிக்கக் கொதிக்கக் கரண்டி கரண்டியாகத்தான் விட வேண்டும். ஆறிய சாற்றை மொத்தமாகக் கொட்டினால் கிழங்கு கோபித்துக்கொண்டு பசை மாதிரி இழுக்கும். மாஸ்டர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. வெண்ணெய் ஒரு சொட்டு இல்லை, கிரீம் வாசனையே இல்லை. ஆனாலும் கரண்டியிலிருந்து மெத்தென்று வழுக்கி விழுந்தது.

மாமா முதல் வாய் போட்டதும் கண்ணைத் திறந்தார். இரண்டாம் வாய்க்கு எழுந்து உட்கார்ந்தார். அது தொண்டையில் இறங்கியதும் அதன் பின்னாலேயே மீனும் இறங்கியது. மாமாவுக்கு மட்டும் கொடுத்தால் பாவம் என்று நாற்பது பேருக்கும் மாஸ்டர் அதையே அனுப்பியிருந்தார். நாலு நாள் அப்படி நடந்தது. மாமா நானூறு கிராம் ஏறினார். முதல் மூன்று நாளும் தராசு ரிப்பேர் என்று மிச்சக்காரர் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். நாலாம் நாள் மனசாட்சி கேட்காமல் மேலே எழுதி அனுப்பிவிட்டார்.

உணவியல் அதிகாரியின் அறையில் நான்கு சுவரிலும் பழங்களின் படம். மேஜைமேல் ஒரு பழம்கூட இல்லை.

"உக்காருங்க மாஸ்டர்" என்றார் அந்த அம்மாள். "நான் கோபக்காரி இல்லை. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இவங்க எல்லாரும் ஏன் சாப்பிட்டாங்க?"

"நல்லா இருந்துச்சு மேடம், அதான்."

"இங்கதான் நீங்க தப்பு பண்றீங்க. அனுமதிச்ச உணவை ஒருத்தர் சாப்பிடலைன்னா அது நோயாளியோட பிரச்சினை. அனுமதிக்காத உணவைச் சாப்பிட்டா அது என்னோட பிரச்சினை. இத்தனை வருஷமா எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லாம இருந்துச்சு."

"வெண்ணெய் போடலை மேடம். வெறும் காய்கறிச் சாறுதான். உடம்புக்கு நல்லது."

"நல்லதா கெட்டதாங்கறது பின்னால. முதல்ல அது இருக்கான்னு பாக்கணும். விண்ணப்பம் போட்டு, அனுமதி வந்தாத்தான் அது இருக்கு. அதுவரைக்கும் அது இல்லை. இல்லாத ஒண்ணை நாற்பது பேர் சாப்பிட்டிருக்காங்க. எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க!"

மாஸ்டருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். 'உணவின் பெயர்' என்ற இடத்தில் வரிசையாகப் பதினொரு கட்டம் இருந்தது. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம், இடைவெளிக்கு ஒன்று. மாஸ்டர் 'உருளைக்கிழங்கு' என்று எழுதினார். எட்டு போயிற்று. ஒரு கட்டம் இடைவெளி விட்டார். 'மசி' என்று எழுதினார். கட்டம் தீர்ந்துவிட்டது.

"மேடம், 'யல்' நிக்குது."

"என்ன யல்?"

"மசியல்ல வர்ற யல். ரெண்டு எழுத்து. வெளியில எழுதட்டுமா?"

"கட்டத்துக்கு வெளியில எழுதினா கம்ப்யூட்டர் துப்பிடும். விடுங்க, படிக்கறவங்களுக்குத் தெரியாதா என்ன?"

படித்தது மனிதராக இருந்தால் தெரிந்திருக்கும். மூன்றாம் நாள் மாஸ்டருக்கு ஒரு கடிதம் வந்தது. 'தாங்கள் விண்ணப்பித்துள்ள மசியின் நிறம் நீலமா, கறுப்பா, சிவப்பா எனத் தெரிவிக்கவும். மாதிரியுடன் எழுதுபொருள் பிரிவுக்கு நேரில் வரவும்.'

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு மாஸ்டர் மூன்று மாடி ஏறி ஓடினார். உணவியல் அதிகாரி அதை நிதானமாகப் படித்தார்.

"கம்ப்யூட்டர் அகராதியைப் பார்த்துத்தான் பிரிவு பிரிக்கும். அகராதியில மசின்னா எழுதற மை. அது மேல தப்பு சொல்ல முடியாது."

"அப்ப திருத்திடுங்க மேடம். ரெண்டே எழுத்து."

"அவங்க நிராகரிக்காம நான் எப்படித் திருத்தறது? நிராகரிக்காத விண்ணப்பத்துல தப்பே இருக்க முடியாது. போய் நிராகரிச்சு வாங்கிட்டு வாங்க."

அதற்குள் இதயப் பிரிவுக்கு மறுபடியும் துண்டு போக ஆரம்பித்திருந்தது. மாமா மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தார்.

எழுதுபொருள் பிரிவின் தலைவர் நல்ல மனிதர். வாசலுக்கே வந்து மாஸ்டரை வரவேற்றார். அவர் அறைக்கு வெளியாள் வந்து வருடக்கணக்காகியிருந்தது. கொண்டுவந்த கிண்ணத்தைத் திறந்து பார்த்து, பேனாவை அதில் முக்கி, ஒரு வெள்ளைத்தாளில் தன் பெயரை எழுதப் பார்த்தார்.

"எழுத வரலையே."

"வராதுங்க சார். இது சாப்பிடறது."

"அவசரப்படாதீங்க. எனக்கு எந்தப் பொருளையும் சட்டுனு ஒதுக்கிப் பழக்கமில்லை. கொஞ்சம் திப்பி திப்பியா இருக்கு, அதான் நிப்புல இறங்கலை. கலக்கிப் பார்ப்போம்."

மூலையில் ஓர் இயந்திரம் இருந்தது. அதன் அடியில் பிளேடு சுழல்வதைப் பார்த்ததும் மாஸ்டர் குறுக்கே பாய்ந்தார்.

"ஐயோ சார், அதுல மட்டும் போடாதீங்க! உருளைக்கிழங்கை மிஷின்ல போட்டா வீணாப் போயிடும். கையாலதான் மசிக்கணும்!"

தலைவர் அதற்குள் கொட்டிவிட்டார். விதிப்படி ஐந்து நிமிஷம் ஓடவிட்டார். மெத்தென்று இருந்தது சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று வழிந்து வந்தது. பேனாவை முக்கினார். பேனா உள்ளே நின்றுகொண்டது. இழுத்துப் பார்த்தார். கிண்ணமும் கூடவே வந்தது. அவர் முகம் பிரகாசமாகிவிட்டது. இரண்டு தாளை எடுத்து நடுவில் கொஞ்சம் தடவி அழுத்தினார். பிறகு பிரித்துப் பார்த்தார். கடைசியில் ஒரு காலை மேஜைக்கு முட்டுக் கொடுத்தும் இழுத்துப் பார்த்தார். தாள் கிழிந்தது, ஒட்டு விடவில்லை.

"மாஸ்டர், இருபது வருஷமா நான் நல்ல பசைக்கு அலையறேன்!" கிழிந்த தாளை மார்போடு அணைத்துக்கொண்டார். "மசியா இதை நிராகரிக்கிறேன். பசையா அங்கீகரிக்கிறேன். இன்னிக்கே உத்தரவு போட்டுடறேன். இனிமே எல்லா வார்டுக்கும் பசை உங்க சமையல்கட்டுல இருந்துதான் போகணும்."

"சார்... இது சாப்பாடு சார்."

"சாப்பாடு என் அதிகாரத்துல இல்லையே. என் அதிகாரத்துல இருக்கறதுல இதைவிடப் பெரிய மரியாதை என்னால குடுக்க முடியாது. இந்த ஆஸ்பத்திரியில ஒரு நோயாளி இருக்கானா இல்லையான்னு எதை வச்சுச் சொல்றோம்? காகிதத்தை வச்சு. காகிதம் கழண்டு விழுந்தா ஆளே இல்லை. ஆளைப் பிடிச்சு வைக்கிறது டாக்டர் இல்லைங்க, பசைதான்."

தன் கைப்பக்குவத்துக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் அங்கீகாரத்தை மடித்து மாஸ்டர் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். படியிறங்கும்போது அவருக்கு அழுகை வந்தது.

நிராகரிப்புக் கிடைத்ததால் உணவியல் அதிகாரி சுவைக் குழுவைக் கூட்டினார். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தார்கள், ஓரத்தில் குறிப்பெடுக்க உணவியல் அதிகாரி. மாஸ்டர் புதிதாக மசித்து, ஆவி பறக்க மூன்று கிண்ணம் கொண்டுபோய் வைத்தார். ஒருத்தரும் கரண்டியைத் தொடவில்லை. ஒருவருக்குச் சர்க்கரை, உருளைக்கிழங்கு ஆகாது. ஒருவருடைய பல்செட் ரிப்பேருக்குப் போயிருந்தது. குழுத் தலைவர் கொள்கையாகவே எதையும் சுவைப்பதில்லை.

"சுவைச்சா ஒரு பக்கம் சாய்ஞ்சுடுவோம்" என்று அவர் விளக்கினார். "பதினெட்டு வருஷமா இந்தக் குழுவுக்குத் தலைவரா இருக்கேன். ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அதனாலதான் எங்க முடிவு மேல யாரும் குத்தம் சொல்ல முடியலை."

மாஸ்டர் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். கிண்ணத்தில் ஆவி குறைந்துகொண்டே வந்தது.

"வெண்ணெய் இல்லைங்கறீங்க. பாத்தா வெண்ணெய் போட்ட மாதிரி இருக்கே?"

"சாறு சூடா ஊத்தி மசிச்சா அப்படித்தான் வரும் சார்."

"அப்ப நோயாளி ஏமாந்து போறான்."

"நல்லதுக்குத்தானே சார் ஏமாறுறான்?"

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த மாதிரி ஆட்களுக்குப் புரியவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த மூடிய கண்ணிலேயே தெரிந்தது.

"தம்பி, ஆரோக்கியமான உணவுன்னா என்ன? வாயில வச்சதும் முகம் சுளிக்கணும். அப்பத்தான் அவனுக்கு, 'ஆஹா, நம்ம உடம்புக்கு ஏதோ நல்லது நடக்குது'ன்னு நம்பிக்கை வரும். துண்டை நாங்க சும்மா கொண்டுவரலை. ஒரு வருஷம் ஆராய்ச்சி பண்ணினோம். ருசியா இருந்த பதினாறு உணவை ஒவ்வொண்ணா தள்ளிட்டுத்தான் துண்டுக்கு வந்து சேர்ந்தோம். இப்ப நீங்க வந்து ருசியா ஒண்ணைக் குடுத்தா எங்க ஆராய்ச்சி என்ன ஆகறது?"

பல்செட் இல்லாதவர் ஏதோ சொன்னார். அது யாருக்கும் விளங்காததால் குறிப்பில் 'ஆமோதித்தார்' என்று எழுதப்பட்டது.

"சார், எங்க மாமா பதினாலாம் கட்டில்ல இருக்கார்" என்றார் மாஸ்டர். "எடை இறங்கிட்டே போகுது. கையெடுத்துக் கும்பிடறேன், அவருக்கு மட்டுமாவது..."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"உறவுக்காரரா? அப்ப இதுல உங்களுக்கு ஒரு லாபம் இருக்கு. நோயாளி பொழைக்கணும்னு உங்களுக்குத் தனிப்பட்ட ஆசை இருக்கு. அதையும் குறிப்புல எழுதுங்கம்மா."

கிழங்கு மசிந்தது, குழு மசியவில்லை. ஒரு துணைக்குழு அமைத்து மூன்று மாதத்தில் அறிக்கை வாங்குவது என்று முடிவாயிற்று. ஆறிப்போன மூன்று கிண்ணங்களையும் மாஸ்டர் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வார்டு வராந்தாவில் அக்கா நின்றிருந்தாள். கையில் அன்றைய எடைச் சீட்டு. நாற்பத்தேழு புள்ளி ஏழு.

"அனுமதி கிடைச்சுதாடா?"

"மூணு மாசம் ஆகுமாம்க்கா."

"இன்னும் பன்னண்டு நாள்தானேடா இருக்கு?" அக்கா சத்தம் போடவில்லை. அதுதான் மாஸ்டரால் தாங்க முடியவில்லை. "'அந்த வெள்ளையா, மெத்துனு ஒண்ணு வந்துச்சே, அது எங்கே'ன்னு காலையிலகூடக் கேட்டார். நான் என்னத்தைச் சொல்லட்டும்? எண்ணூறு பேருக்கு ஆக்கிப் போடற என் தம்பி கையில என் புருஷன் பட்டினி கிடக்கிறார்னு சொல்லட்டுமா?"

மாஸ்டர் தட்டில் இருந்த ஆறிய கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த இடத்திலிருந்து எங்காவது ஓடிவிட்டால் தேவலை என்றிருந்தது. எங்கே ஓடுவது என்றுதான் தெரியவில்லை. அப்போது ஒரு தள்ளுவண்டி கிறீச்சிட்டுக்கொண்டு அவர்களைத் தாண்டி வார்டுக்குள் போனது. காகிதம், நூல், பேனா, உறை. நர்ஸ் சிஸ்டர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். சாப்பாட்டு வண்டியை வாசலில் நிறுத்தி மூன்று பேர் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். எழுதுபொருள் வண்டியை ஒரு ஈ கூட எட்டிப் பார்க்கவில்லை. மாஸ்டரின் கை தானாகப் பசை உத்தரவு இருந்த சட்டைப்பைக்குப் போயிற்று.

மறுநாள் மதியம் இதயப் பிரிவுக்குப் பசை வந்தது. 'பசை: நாற்பது கிண்ணம்' என்று சீட்டு சொன்னது. சிஸ்டர் ஒரு மூடியைத் தூக்கினார். ஆவி முகத்தில் அடித்தது, மிளகு வாசனையோடு. சிஸ்டர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"சூடா இருக்கும்போதே ஒட்டணுமா?"

"ஆறினா நல்லா இருக்காது சிஸ்டர்."

"எல்லாருக்கும்தானா?"

"உசிரு ஒட்டணும்னு நினைக்கறவங்க எல்லாருக்கும்."

சிஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாற்பது கரண்டி வேண்டும் என்று தனியாக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். காகிதத்தில் பசை தடவுவதற்காம்.

அன்று முதல் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் சந்தோஷம். துண்டு போனது போனபடி முழுசாகத் திரும்பி வந்தது. மிச்சக்காரர் தன் பத்திகளை நிரப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். உணவியல் அதிகாரிக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. எழுதுபொருள் தலைவருக்குத்தான் தலைகால் புரியவில்லை. ஒரு வார்டு ஒரு வேளைக்கு நாற்பது கிண்ணம் பசை தீர்க்கிறது என்றால் அங்கே காகித வேலை எவ்வளவு மும்முரமாக நடக்க வேண்டும்! 'சிறந்த ஆவணப் பராமரிப்பு' என்று இதயப் பிரிவுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் அனுப்பினார். அதைச் சுவரில் ஒட்ட அங்கே ஒரு சொட்டுப் பசை மிச்சமில்லை. சிஸ்டர் ஆணியடித்து மாட்டினார்.

மாமா சாப்பிட்டார். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். பசி திறந்துகொண்டதும் மீன், பருப்பு, பழம் என்று எது வந்தாலும் உள்ளே போனது. மாஸ்டர் தினமும் எடை மிஷின் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. நாற்பத்தொன்பது புள்ளி ஆறிலேயே இரண்டு நாள் நின்று அவர் உயிரை வாங்கியது. வியாழக்கிழமை காலை ஐம்பது புள்ளி ஒன்று.

அறுவை டாக்டர் சரி என்று தலையசைத்துவிட்டார். ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. 'நோயாளி உணவு உட்கொண்டார்' என்று உணவியல் அதிகாரி எழுதித் தர வேண்டும். மாமாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டார்கள். மாஸ்டர் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினார்.

"எப்படிப் போடறது மாஸ்டர்?" அந்த அம்மாள் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "பன்னண்டு நாளா துண்டு அப்படியே திரும்பி வந்திருக்கு. துணை உணவு சாப்பிடாதவர் சாப்பிடாதவர்தான். பட்டினி கிடந்த ஆளுக்கு ரெண்டரை கிலோ எப்படி ஏறும்? உடம்புல நீர் கோத்திருக்கும். அப்படித்தான் நான் எழுதணும். ஆபரேஷனைத் தள்ளிப் போடச் சொல்லுங்க."

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? "மேடம், அவர் சாப்பிட்டார். நான்தான் குடுத்தேன். நாற்பது பேருக்கும் குடுத்தேன். பசைன்னு வார்டுக்குப் போச்சே, அதுதான் மேடம்."

உணவியல் அதிகாரியின் முகத்தில் இரத்தம் வற்றிப்போயிற்று. "இதய நோயாளிகளுக்குப் பசையா குடுத்தீங்க?"

"பசை இல்ல மேடம், மசியல்!"

"இதயப் பிரிவுக்குன்னு மசியல் ஒண்ணு இல்லையே. பசைதானே இருக்கு?" அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். இதயப் பிரிவின் எடைப் பட்டியல் மேஜையில் கிடந்தது. பார்த்தார். முதல் கட்டிலிலிருந்து நாற்பதாம் கட்டில்வரை எல்லோரும் ஏறியிருந்தார்கள். இன்னொரு முறை பார்த்தார். மெல்ல மெல்ல அவர் முகத்துக்கு இரத்தம் திரும்பி வந்தது.

"மாஸ்டர், இந்த மிச்சக்காரர் பத்தி மாத்தி எழுதியிருக்கார்."

"என்னது மேடம்?"

"சாப்பிட்டதை மிச்சம்ங்கற பத்தியிலயும், மிச்சத்தைச் சாப்பிட்டதுங்கற பத்தியிலயும் எழுதியிருக்கார். கவனக்குறைவு. மாத்திப் படிச்சுப் பாருங்க. பன்னண்டு நாளும் நாற்பது பேரும் துண்டை முழுசா சாப்பிட்டிருக்காங்க. நாற்பது பேருக்கும் எடை ஏறியிருக்கு. என் துண்டால!" பதிவேட்டின் அட்டையைத் தடவிக்கொடுத்தார். "எனக்கு அப்பவே தெரியும். யாரும் நம்பலை."

அவர் விறுவிறுவென்று எழுதினார். எழுதியதை மாஸ்டர் பக்கம் நகர்த்தினார். நோயாளிகள் துண்டை விரும்பி உண்டு தேறினார்கள் என்றும், இதயப் பிரிவுக்கென்று வேறு எந்த மசியலும் இந்தச் சமையல்கட்டில் எப்போதும் செய்யப்படவில்லை என்றும், இதன் பலனைக் கண்டு நாளை முதல் எல்லா வார்டுகளுக்கும் துண்டே வழங்கப்படும் என்றும் அதில் இருந்தது. கீழே சாட்சிக் கையெழுத்து: தலைமைச் சமையல்காரர்.

"நீங்க இதுல போட்டா, நான் அதுல போடறேன்."

மாஸ்டர் பேனாவை வாங்கினார். கை ஓடவில்லை. எண்ணூறு பேர் அவர் கண்முன் வரிசையாக வந்து தட்டை நீட்டினார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் அக்கா நின்றாள். அவள் தட்டு எதுவும் நீட்டவில்லை, சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துவிட்டார். காகிதத்தை சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"போட்டுக் குடுத்துட்டாங்களாடா?" என்றாள் அக்கா.

"குடுத்துட்டாங்கக்கா."

"எப்படிடா ஒத்துக்கிட்டாங்க?"

"நானும் ஒண்ணுல போட வேண்டியிருந்துச்சு. மாமா அந்தத் துண்டை விரும்பிச் சாப்பிட்டுத்தான் தேறினார்னு."

ஊசி போட்ட மயக்கத்தில் பாதிக் கண் மூடியிருந்த மாமா, அதைக் கேட்டதும் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். "யாரு, நானா? அந்தத் துண்டையா? மாப்ள, நாலு பேர் கேட்டா என் மானம் என்ன ஆகும்?"

"பேசாமப் படுங்க மாமா. உள்ள போயிட்டு வாங்க, வந்து என்னைத் திட்டுங்க."

"வந்து வச்சுக்கறேன் உன்னை!" என்றார் மாமா. சிஸ்டர் அவரை அழுத்திப் படுக்கவைத்து, ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். கதவு மூடிக்கொண்டது.

அக்கா மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஆனால் அங்கே நிற்கத்தான் நேரமில்லை. நாளைக்கு எண்ணூறு பேருக்குத் துண்டு நறுக்க வேண்டும், ஆள் போதவில்லை என்று கீழே சமையல்கட்டிலிருந்து அதற்குள் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள்.